பதினேழாவது பெயர்

அத்தியாயம் பதினொன்று

பத்தாங் பெர்ஜுந்தைச் சாலைத் தடுப்பில் பஸ் முக்கால் மணி நேரமாக நின்றது. பயணிகள் எல்லோரையும் இறக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முரியலுக்கு முன்னால் நின்ற பெண்ணின் தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றைக் குச்சியால் கிளறிப் பார்த்தார் ஒரு போலீஸ்காரர். அடியில் வேகாத அரிசி ஒளித்து வைத்திருக்கிறாளா என்று சோதனை. காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குக் கைப்பிடி அரிசி போனாலும் குற்றம் என்ற காலம் அது.

முரியலின் முறை வந்தது. அடையாளக் கார்டைப் புரட்டியவர், கோலாலம்பூரில் வேலை பார்ப்பவளுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் கோல சிலாங்கூரில் என்ன காரியம் என்று கேட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள்.

அப்பா நன்றாகத்தான் இருந்தார். நேற்று மாலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காமல் இருந்தது அவளுக்குத்தான்.

கதையை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்குச் சில வார்த்தை.

இது 1953, வெள்ளைக்காரர் ஆளும் மலாயா. முரியல் கோலாலம்பூரில் ஒரு கல்விக் குழுவுக்குச் சுருக்கெழுத்தாளர். நாட்டிலுள்ள ஆசிரியர் கல்லூரிகளுக்கும் உயர்கல்வி நிலையங்களுக்கும் ஒரே தர அளவு வகுப்பது அந்தக் குழுவின் வேலை. அதில் தேறிய கல்லூரிக்கு அங்கீகாரம். தேறாத கல்லூரியின் சான்றிதழ் அடுத்த ஜனவரியிலிருந்து வெறும் காகிதம்.

அவள் அப்பா சில்வெஸ்டர் கோல சிலாங்கூரில் ஆற்றோரம் ஒரு பலகைக் கட்டடத்தில் தமிழாசிரியர் கல்லூரி நடத்துகிறார். நாற்பத்தைந்தில் ஜப்பான்காரன் போன பிறகு தொடங்கியது. இதுவரை நாற்பத்தொரு பேர் தேறியிருக்கிறார்கள். தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் மைத்துனன், ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மருமகன் என்று எழுத்துக்கூட்டத் தெரிந்த யாரையும் தோட்டப் பள்ளியில் வாத்தியாராக நிறுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும், அதற்கு நாடு முழுவதற்கும் ஒரே தரம் வேண்டும் என்று ஆறேழு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தவர் அவர்.

குழுவின் முதல் வரைவு கட்டடத்தை மட்டுமே அளந்தது. செங்கல் சுவர், இத்தனை அறை, ஆய்வுக்கூடம். சில்வெஸ்டரின் கல்லூரி முதல் பக்கத்திலேயே விழுந்திருக்கும். குழுவின் தமிழ் அதிகாரி அந்தோணிதாஸ் ஒருநாள் பேச்சுவாக்கில் அபிப்பிராயம் கேட்டபோது, சுவரைப் பார்ப்பதற்குப் பதில் படித்துப் போனவர்களைப் பார்க்கலாமே என்று முரியல் சொன்னாள். அதுதான் ஒன்பதாவது விதியாயிற்று. தேறிய ஒவ்வொருவரும் இன்று எங்கே, என்ன வேலையில் இருக்கிறார் என்று கல்லூரி பட்டியல் தர வேண்டும். ஒருவர் விடாமல் காட்டிவிட்டால் கட்டடத்தில் சலுகை உண்டு.

சில்வெஸ்டரும் பட்டியல் அனுப்பினார். நாற்பது பேருக்கு விவரம் இருந்தது. பதினேழாவது பெயர் சன்னாசி. நாற்பத்தெட்டில், தொழிற்சங்கத்துக்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்தபோது காட்டுக்குள் போனவன். மனைவி கங்காவும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தார்கள். புருஷன் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று கங்கா எல்லோரிடமும் சொல்லி வந்தாள். பட்டியலிலும் அப்படியே எழுதிவிடச் சொல்லி மகன் பெர்னாட் மன்றாடினான். பெர்னாட்டும் சன்னாசியும் ஒரே வருடம் படித்தவர்கள். சில்வெஸ்டர் கேட்கவில்லை. பொய் எழுத அவருக்கு வராது. காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. "தெரியவில்லை" என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினார்.

நேற்று மாலை அந்தப் பட்டியலின் பிரதி ஒன்று போலீஸ் அலுவலகத்திலிருந்து திரும்பி முரியலின் மேசைக்கு வந்தது. பதினேழாவது வரியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம் இருந்தது.

இன்று காலை ஒன்பது மணிக்குக் குழு கல்லூரியைப் பார்வையிட வருகிறது.

*

அவள் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. சில்வெஸ்டர் நூலக அறையில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நூலகத்தில் எண்ணூறு புத்தகம் வேண்டும் என்பது விதி. இருந்தது எழுநூற்று நாற்பத்து மூன்று. பெர்னாட் முந்தின நாள் மஸ்தான் கடையிலிருந்து அறுபது புத்தகம் இரவல் வாங்கி வந்து அலமாரியில் செருகியிருந்தான். அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, குழு வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நின்றார் அப்பா.

சிவப்பு வட்டத்தைப் பற்றி முரியல் சொன்னாள். அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார்.

"போலீஸ் எதுக்கும்மா இதப் பாக்கணும்? இது படிப்பு சம்பந்தப்பட்ட காகிதம்."

"இப்ப எல்லாக் காகிதமும் அவங்களுக்குத்தாம்பா."

கதவோரம் நின்ற பெர்னாட் அப்பாவைப் பார்க்காமல், அக்காவைப் பார்த்துப் பேசினான். இந்தியா என்று எழுதியிருந்தால் அந்த வரியில் யார் கண்ணும் நின்றிருக்காது. தெரியவில்லை என்று எழுதியதுதான் கூப்பிட்டுக் காட்டியது போல் ஆகிவிட்டது. இவ்வளவையும் சத்தம் போடாமல்தான் சொன்னான். இருபத்து நான்கு வயதுக்குள் அப்பாவிடம் அவன் குரல் உயர்த்திப் பேசியது கிடையாது.

சில்வெஸ்டர் கீழே வைத்த கட்டின் முடிச்சை இறுக்கினார். கங்காவிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும் என்றார். அவரும் பெர்னாட்டும் கல்லூரியை விட்டு நகர முடியாது. தோட்டம் ஆறு மைல். சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்பும் தோட்டத்து லோரி ஒன்பது மணிக்குப் பாலத்தடியில் நிற்கும். முரியல் வந்த காலோடு கிளம்பினாள்.

பாலத்தை நோக்கி நடக்கும்போது குழுவின் கறுப்புக் கார் அவளைத் தாண்டிப் போனது. பின் ஆசனத்தில் வெள்ளைக்காரச் செயலாளர் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தோணிதாஸ். அவர் அவளைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு இரண்டு வருடம் ஆகிறது. லயங்கள் எல்லாவற்றையும் பெயர்த்து ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, ஒரு வாசல், ஒரு காவல்காரர். முரியல் பெயர் எழுதிக் கொடுத்து உள்ளே போனாள். கங்கா வீட்டில் இல்லை. அடுத்த வீட்டுக் காளியம்மா திறந்த வாசலில் உட்கார்ந்து கங்காவின் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கங்கா ரப்பர் பால் வெட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள். சொல்லிவிட்டு, "இன்னைக்கும் போயிருக்கா" என்று இன்னொரு தரம் சொன்னாள்.

ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் வாளிகளோடு வரிசை கட்டி நின்றார்கள். கங்கா நடுவில் நின்றாள். வாளியை நிறுவைக்குக் கொடுத்து, கிராணி எழுதியதைச் சரிபார்த்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் முரியலிடம் வந்தாள். முகம் காய்ந்து கிடந்தது. அழுத தடம் எதுவும் இல்லை.

எச்சரிக்கை செய்ய வந்த முரியலுக்கு, வந்தது தாமதம் என்று கங்கா வாயைத் திறக்கும் முன்பே புரிந்தது.

போன வியாழக்கிழமை போலீஸ் வந்தது. ஒரு காகிதத்தைக் காட்டி, இந்த ஆள் எங்கே என்று கேட்டது. ஊருக்குப் போய்விட்டார் என்று எப்போதும் சொல்வதையே கங்கா சொன்னாள். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் அன்றிலிருந்து வேலிக்குப் பின்னால் ரப்பர் மர வரிசைகளுக்குள் ஆள் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கங்காவுக்கு அது தெரியும். மாதம் ஒருமுறை, இருட்டும் நேரத்தில், பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்க்க அவன் வேலியோரம் வருவான். அதுவும் அவளுக்குத் தெரியும். வராதே என்று சொல்லி அனுப்ப மட்டும் அவளுக்கு வழி இல்லை.

நேற்று பொழுது சாயும் நேரத்தில் மூன்று வெடி கேட்டது.

"காலையில அஞ்சு மணிக்கு என்னயக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாங்க. ஸ்டேசன் வாசல்ல தார்ப்பாயில போட்டிருக்காங்க. பாத்தேன். இது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு, நேரா வெட்டுக்கு வந்துட்டேன்."

முரியலால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அந்த விதியைச் சொன்னது தான்தான் என்று அவளிடம் சொல்ல வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விழுங்கிக்கொண்டாள்.

கங்கா அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அவன் இன்னார் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. தோட்டத்து ஆட்கள் எல்லோரும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து பெரிய வாத்தியாரைத்தான் கூப்பிடப் போகிறார்கள்.

"ஐயாகிட்டச் சொல்லுங்கம்மா. தெரியும்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா என்னயும் புள்ளயயும் இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்க. நான் ரெண்டு வயசுல இங்க வந்தவ. அந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா? இறங்கி எந்தப் பக்கம் நடக்குறதுன்னுகூடத் தெரியாது."

அப்பா சொல்ல மாட்டார் என்று முரியல் வாக்குக் கொடுத்தாள். அப்பா பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

*

லோரி அவளைக் கல்லூரி வாசலில் இறக்கியபோது மணி பன்னிரண்டு. வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. சில்வெஸ்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். பின்னால் பெர்னாட், அவனுக்குப் பின்னால் அந்தோணிதாஸ். ஜீப்பில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியும், மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் போலீஸ்காரரும் இருந்தார்கள்.

முரியல் நேராக அப்பாவிடம் போனாள். தமிழ் தெரிந்தவர் இரண்டடி தள்ளி நிற்கிறார் என்பது தெரிந்தேதான், வீட்டு விஷயம் பேசுவது போலச் சொன்னாள்.

"கங்கா வீட்டுக்குப் போய்ட்டு வந்தேம்பா. அவங்க வீட்டுக்காரர் ஊர்ல சௌக்கியமா இருக்காராம். உங்களக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க."

சில்வெஸ்டர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பெர்னாட்டையும் திரும்பிப் பார்த்தார். பெர்னாட் லேசாகத் தலையசைத்தான். தமிழ்ப் போலீஸ்காரர் ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றார் சில்வெஸ்டர்.

ஜீப்பில் இன்னும் மூன்று பேருக்குத்தான் இடம் இருந்தது. முரியல் நடந்தே போனாள். அவள் போலீஸ் நிலையத்து வெளிவேலியை எட்டியபோது அப்பா முற்றத்தில் நின்றிருந்தார். அங்சானா மரத்தடியில் தார்ப்பாய். சாலையில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்றே அங்கே போட்டிருந்தார்கள். மீன் வாங்கிக்கொண்டு போன இரண்டு பேர் பார்க்காமல் வேகமாகக் கடந்தார்கள்.

சில்வெஸ்டர் குனிந்து பார்த்தார். ஒரு கன்னம் சிதைந்திருந்தது. மறு கன்னம் அப்படியே இருந்தது. இரண்டு வருடம் முதல் பெஞ்சில் தனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பையனைத் தெரியாமல் போக அவருக்குக் கண் மங்கவில்லை.

அதிகாரி கேட்டதைப் போலீஸ்காரர் தமிழில் கேட்டார். சில்வெஸ்டர் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். இவர் என் மாணவர் இல்லை. இவரை நான் பார்த்ததில்லை.

அதிகாரி இன்னொரு தரம் கேட்டார். சில்வெஸ்டர் அதையே இன்னொரு தரம் சொன்னார். குரல் தடுமாறவில்லை. வகுப்பில் கணக்குக்கு விடை சொல்வது போல நிதானமாக இருந்தது. வேலிக்கு வெளியே நின்ற முரியல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்ல அப்பாவால் முடிந்துவிட்டது.

அடுத்து அதிகாரி பெர்னாட்டைக் கூப்பிட்டார். நீ அந்த வருடத்து மாணவன்தானே, பார்த்துச் சொல் என்றார்.

பெர்னாட்டுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். முதல் நாளிலிருந்தே பொய் சொல்லுங்கள் என்று கெஞ்சியவன் அவன். ஒரே வார்த்தை, இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தால் முடிந்தது.

அவன் தார்ப்பாயின் பக்கத்தில் போய் நின்றான். சிவப்பெறும்பு வரிசை ஒன்று மரத்திலிருந்து இறங்கி, தார்ப்பாயில் ஏறி, இறந்தவனின் இமைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெர்னாட் குந்தி உட்கார்ந்தான். கைக்குட்டையை எடுத்து எறும்புகளைத் தட்டிவிட்டான். முகத்தைத் துடைத்தான். சட்டைக் காலர் உள்பக்கம் மடிந்து கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அதை வெளியே எடுத்து நீவி, பொத்தானைப் போட்டுவிட்டான். இதையெல்லாம் செய்கிறோம் என்று தெரிந்து அவன் செய்யவில்லை. அப்பா மெதுவாக, பெர்னாட் என்றார். அப்போதுதான் நிமிர்ந்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

தெரியாத ஒருவனுக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை.

அதிகாரி மேலே எதுவும் கேட்கவில்லை. மலாயில் ஒரு ஆளைக் கூப்பிட்டு, தோட்டத்துக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவா என்றார். பிறகு சில்வெஸ்டரிடம் திரும்பி, உங்களிடம் பிறகு பேசுகிறேன் என்றார். முகம் சிதைந்திருக்கிறது, வயதானவர், கண் சரியில்லை என்று அந்தோணிதாஸ் அவசர அவசரமாக ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

*

திரும்பும்போது நான்கு பேரும் நடந்தே வந்தார்கள். கல்லூரி வாசலில் அப்பாவையும் தம்பியையும் முன்னே விட்டுவிட்டு முரியல் அந்தோணிதாஸிடம், பட்டியலை அனுப்பியது நீங்கள்தானா என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேட்டாங்கம்மா. எல்லாக் கல்லூரிப் பட்டியலும் வேணும்னாங்க. குடுக்கலைன்னா குழுவே இருக்காதுன்னு செயலாளர்கிட்டச் சொல்லியிருக்காங்க. நாடு முழுக்க ஒரு தரம் வரப் போற நேரம். ஒரு வரிதானேன்னு நெனச்சிட்டேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

செயலாளர் உள்ளே கோப்புகளைப் பார்த்து முடித்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலையில் மூன்று வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பயிற்சி மாணவர்கள் பாடம் நடத்துவதை மொழி புரியாமலே கவனமாகப் பார்த்திருந்தார். இருட்டுவதற்குள் கோலாலம்பூர் திரும்ப வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது. நிலையத்தில் நடந்ததை அந்தோணிதாஸ் அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். செயலாளர் பேனாவை எடுத்தார். பிறகு பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். பதினேழாவது வரியில் இருந்த சொல்லை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே "இறந்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

இதுவரை எட்டுக் கல்லூரிகள் பார்த்திருக்கிறேன் என்றார் சில்வெஸ்டரிடம். ஒன்பதாவது விதியில் ஒருவர்கூட விடாமல் காட்டிய கல்லூரி இது ஒன்றுதான். ஆகவே கட்டடத்துக்குச் சலுகை தர முடியும். புத்தகங்களுக்கு ஒரு வருடம் தவணை. அங்கீகாரக் கடிதம் இந்த வாரத்துக்குள் வந்துவிடும். சொல்லிவிட்டுக் கை நீட்டினார்.

சில்வெஸ்டர் அந்தக் கையைப் பிடித்தார். ஆறேழு வருடமாக அவர் எழுதிய மனுக்களுக்கெல்லாம் கிடைத்த பதில் அது.

கார் போன பிறகும் அவர் உட்காரவில்லை. முரியல் பக்கத்தில் போய் நின்றாள்.

"வேணாம்னு எழுதிருங்கப்பா. இந்த அங்கீகாரம் நமக்கு வேணாம்."

"நாப்பது பேர் இருக்காங்கம்மா."

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாகான் நக்கோடா ஓமார் பக்கத்தில் ஒரு பள்ளியில் இங்கே படித்துப் போன கலாவதி இருக்கிறாள். அவள் நாற்காலியில் தன் மைத்துனனை உட்கார வைக்க அந்தத் தோட்டத்துக் கிராணி ஜனவரியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். ராசா ஊரில் ஒருத்தர், சபாக் பெர்ணத்தில் இருவர் என்று எல்லோரும் சான்றிதழ் செல்லுபடியாகும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். சான்றிதழ் செல்லாவிட்டால் மறுபடியும் வாளியைத் தூக்க வேண்டியதுதான். அவர்களுக்காகவாவது அந்தக் கடிதத்தை அப்பா வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவும் வேண்டும். அதுவும் ஒரு விதி. அதைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான்.

மூன்று மணிக்குப் போலீஸ் லோரி கல்லூரியைத் தாண்டிப் போனது. பின்னால் பலகையில் கங்கா உட்கார்ந்திருந்தாள். காலையில் வெட்டுக்குக் கட்டியிருந்த அதே துணி, ரப்பர் பால் கறை. மடியில் பெண் குழந்தை, வாரி முடித்த தலை கலையாமல். கங்கா கல்லூரியைப் பார்த்தாள். சபிக்கிற பார்வை என்றாலும் தாங்கிக்கொள்ளலாம். அது அப்படி இல்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று யாராவது சொல்வார்களா என்று பார்ப்பது போல இருந்தது.

பெர்னாட் வாசலில் நின்று லோரி திருப்பத்தில் மறையும்வரை பார்த்தான். முரியல் அவனை உள்ளே வரச் சொன்னாள். வருகிறேன் என்றான்.

"நான்தாங்க்கா காட்டிக்குடுத்தேன். அப்பாவே தாங்கிட்டாரு. நான்தான்."

எறும்பைத் தட்டியது காட்டிக்கொடுப்பது ஆகாது என்று அவள் சொல்ல நினைத்தாள். பட்டியலைப் பற்றி, விதியைப் பற்றி, முதலில் செய்தவள் யார் என்பதைப் பற்றிச் சொல்லவும் நினைத்தாள். உள்ளே அப்பா இருமும் சத்தம் கேட்டுத் திரும்பிப் போனாள். அப்பாவுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் அவன் இல்லை.

நாலரை வரை அவர்கள் கவலைப்படவில்லை. மஸ்தான் கடைக்குப் புத்தகங்களைக் கொண்டு போயிருப்பான் என்று நினைத்தார்கள். புத்தகக் கட்டு நூலகத் தரையிலேயே இருந்ததை ஐந்து மணிக்குத்தான் பார்த்தார்கள். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குப் பிறகு தெருவில் நிற்பவனைச் சுடவும் உத்தரவு உண்டு. சில்வெஸ்டர் கோட்டை எடுத்து மாட்டினார்.

அப்போதுதான் அந்தத் தமிழ்ப் போலீஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதிகாரி அனுப்பி வரவில்லை, தானாக வந்ததாகச் சொன்னார்.

பெர்னாட் மூன்றரை மணிக்கே நிலையத்துக்கு வந்துவிட்டான். பிணத்தைக் கொடுங்கள், அடக்கம் பண்ண வேண்டும் என்று கேட்டான். உறவுக்காரருக்கு மட்டும்தான் கொடுக்க முடியும் என்று சொன்னார்கள். தாளைக் கொடு என்று வாங்கி, இறந்தவருக்குத் தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நீ இன்னார் மகன், இவனுக்கு எப்படித் தம்பி என்று அதிகாரி கேட்டார். அவன் எழுதியதை மாற்றவில்லை. அவனை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

"எழுதுன காகிதம் மேல போயிருச்சுங்கய்யா. இனி அவ்வளவு சுலுவா வெளிய விட மாட்டாங்க" என்றார் போலீஸ்காரர்.

சில்வெஸ்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிணத்தைக் கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டார்.

கொடுக்கவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்களே புதைக்கப் போகிறார்கள். சாமியாரோ பூசாரியோ வரக் கூடாது. வேண்டுமானால் வெளியாள் ஒருவர் மட்டும் வந்து நிற்கலாம். வருகிறவரின் பெயரை இப்போதே எழுதிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பெயரும் மேலே போகும் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

"யாரு வர்றீங்க?"

நாளைக் காலை எட்டரை மணிக்கு முரியல் கோலாலம்பூரில் தன் மேசையில் இருக்க வேண்டும். அப்பாவின் கல்லூரிக்கான அங்கீகாரக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும் வேலை அவளுடையது. அப்பா வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்தாள்.

"நான் வர்றேன். முரியல் சில்வெஸ்டர்னு எழுதிக்குங்க."